நிலத்தடி நீரை அளந்த வரலாறு

இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பது தமிழர் பழமொழி. அங்ஙனம் ஊறும் நீர் எவ்வளவு, அஃது எங்கிருந்து வருகிறது என்னும் வினாக்களுக்கு விடை காண அறிவியலுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி தார்சி, டீஜோன் நகரின் நீர் வழங்கலைப் பற்றி 1856-இல் வெளியிட்ட நூலில், மணலூடே செல்லும் நீரின் அளவு மட்டச் சரிவுக்கு ஏற்ப அமையும் என்று நிறுவினார். 1863-இல் டுப்புயி அவ்விதியைக் கிணற்றுக்குப் பொருத்திக் காட்டினார். 1906-இல் ஜெர்மானியரான குந்தர் தீம் அதனைக் களத்துக்குரிய முறையாக ஆக்கினார். ஒரு கிணற்றில் இடைவிடாது நீர் இறைத்து, வெவ்வேறு தொலைவிலுள்ள இரு நோக்குக் கிணறுகளில் மட்டம் எவ்வளவு தாழ்ந்தது என அளந்தால், மண்ணடுக்கின் நீர் கடத்தும் திறன் கணக்கில் கிடைத்துவிடும்.

எனினும், மட்டம் ஓரளவு தாழ்ந்தபின் நிலைத்து நிற்கும் என்று இம்முறை கொண்டது. காலம் என்பதற்கு அதில் இடமே இல்லை. களத்திலோ, இறைக்க இறைக்க மட்டம் தாழ்ந்துகொண்டே சென்றது.

இம்முரண்பாட்டைத் தீர்த்தவர், அமெரிக்க நிலவியல் அளவைத் துறையில் பணியாற்றிய சார்லஸ் தைஸ். உலோகத் தகட்டின் ஓரிடத்தில் வெப்பத்தை உறிஞ்சினால் குளிர்ச்சி நாற்புறமும் பரவும். நீர்மட்டத் தாழ்வும் அவ்வாறே பரவுகிறது என்று அவர் கண்டார். அதற்குரிய கணிதத்தைக் கிளாரன்ஸ் லூபின் என்னும் கணித அறிஞர் வகுத்துக் கொடுத்தார். நெப்ராஸ்காவில் 1931-இல் வென்செல் நடத்திய இறைப்புச் சோதனையின் அளவுகளோடு ஒப்பிட்டு, தைஸ் 1935-இல் தம் முடிவை வெளியிட்டார். காலம் கணக்கில் புகுந்ததும், கடத்தும் திறனோடு, அடுக்கு நீரைத் தேக்கி விடுவிக்கும் திறனும் அளவுக்குள் வந்தது. 1946-இல் கூப்பரும் ஜேக்கப்பும் அக்கணக்கை ஒரு நேர்கோட்டில் அடக்கி எளிதாக்கினர்.

தைஸ் 1940-இல் எழுதிய மற்றொரு கட்டுரை இன்னும் ஆழமானது. கிணறு தரும் நீர் புதிதாகப் பிறப்பதன்று. அடுக்கின் சேமிப்பு குறைய வேண்டும், அல்லது ஓடைக்கும் ஊற்றுக்கும் செல்லும் நீர் குறைய வேண்டும், அல்லது நிலத்துள் இறங்கும் நீர் மிக வேண்டும் என்றார் அவர். இறைத்த கிணறு ஊறும் என்பது உண்மையே. ஆனால் அவ்வூற்றுக்கும் வேறோரிடத்தில் கணக்கு எழுதப்படுகிறது.