வலையமைப்புச் செலுத்தியும் கணினிப் படிமமும்

கணினியொன்று தன் தொடக்க நிரலை வலையமைப்பின் வழியே பெறும் முறையை ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பில் குறொப்ற்றும் சன் மைக்கிறோசிஸ்ரம்ஸ் நிறுவனத்து ஜோன் கில்மோரும் 1985 இல் வகுத்தனர். 1990களின் நடுவில் நியூசிலாந்தில் தோன்றிய கோஸ்ற் என்னும் மென்பொருள், ஒரு வன்தட்டின் படிமத்தைப் பல கணினிகளில் பதிக்க வழிசெய்தது. டொஸ் காலத்தில் வலையமைப்பு அட்டையின் வகைக்கேற்ற செலுத்தியைத் தொடக்க நெகிழ்வட்டிற் சேர்க்க வேண்டியிருந்தது. இன்ரெல் 1999 இல் வெளியிட்ட பீ.எக்ஸ்.ஈ. விதிமுறை 2.1 அச்சுமையைக் குறைத்தது. எனினும் முற்றாக நீக்கவில்லை.

வலையமைப்பின் வழியே எழுந்த கணினியே சற்றுப் பின்னர் வலையமைப்பைக் காணாது நிற்பதுண்டு. இம்முரண் எங்ஙனம் தோன்றுகின்றது? முதற்கட்டத்தில் அட்டையோடமைந்த சிறு செலுத்தி உதவுகின்றது. 2002 இல் அறிமுகமான விண்டோஸ் பீ.ஈ. எழுந்ததும் தன் சொந்தச் செலுத்தியையே நாடுகின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் வரை பேருந்து செல்லும். நயினாதீவுக்குப் படகே வேண்டும். அது போன்றதே இதுவும்.

ஆதலின், பதிக்கப்படும் படிமத்தில் மட்டும் செலுத்தியைச் சேர்ப்பது பயன்தராது. தொடக்கப் படிமத்திலும் சேர்த்தல் வேண்டும். எல்லாக் கணினிகளும் தவறின் வடத்தையும் ஆளியையும் முதலில் நோக்குதல் தகும். ஒரு மாதிரி மட்டும் தவறின் செலுத்தியையே ஐயுறல் வேண்டும். அட்டையின் அடையாள எண்ணைக் குறித்து, உரிய செலுத்தியைச் சேர்த்து, ஒரு கணினியிற் சோதித்த பின்னரே ஏனையவற்றிற் பதித்தல் முறையாகும்.

பாலமற்ற நெடுந்தீவில் இக்குறை நேரின், மறந்த ஒரு கோப்புக்காக மீண்டும் கடல் கடக்க நேரலாம். தீவகத்துக்கு முன்னாயத்தமே முதற் கருவி எனலாம்.