இலங்கை அரசாங்கப் புகையிரதப் பாதை

பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இலங்கைத் தீவில் போடப்பட்ட இருப்புப் பாதைகளின் தொகுதி. 1858இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் கொழும்பில் முதல் மண்ணை வெட்டினார். 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை, ஏறத்தாழ 54 கிலோமீற்றர் தூரத்துக்கு, முதல் வண்டி ஓடியது. 1928இல் மட்டக்களப்பை எட்டியதோடு பெரிய கட்டுமானங்கள் ஓய்ந்தன. ஊர்களை இணைக்க வேண்டும் என்று தொடங்கிய வேலை அல்ல இது. கண்டி மலைகளில் விளைந்த கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகத் தொடங்கியது. எந்த ஊருக்கு எந்த ஆண்டில் வண்டி வந்தது என்று பார்த்தாலே, தோட்டப் பயிர்கள் போன வழியில்தான் தண்டவாளமும் போயிருப்பது புலப்படும்.

மாட்டுவண்டிக் காலம்

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானது. 1820களில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் ஆட்சியில், கொழும்பு–கண்டி வீதி போடப்பட்டது. அதை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் கடுகண்ணாவைக் கணவாயில் இன்றும் நிற்கிறது. அடுத்த இருபது ஆண்டுகளில் காடு அழிந்து கோப்பித் தோட்டங்கள் பெருகின. தோட்டத்திலிருந்து கோப்பி இறங்குவதும், தொழிலாளர் உண்ணும் இந்திய அரிசி மேலே ஏறுவதும் அந்த ஒரே வீதியில், மாட்டுவண்டிகளில்தான். மழைக்காலத்தில் சக்கரங்கள் புதையும். மாடுகளுக்கு நோய் கண்டால் கூலி ஏறும், மூட்டைகள் களஞ்சியத்திலேயே கிடக்கும். புகையிரதம் வேண்டும் என்று தோட்டத் துரைமார் குரல் எழுப்பியதற்கு இதுவே காரணம்.

1845இல் லண்டனில் இலங்கைப் புகையிரதக் கம்பனி உருவாயிற்று. பத்து ஆண்டுகளுக்கு மேல் காகிதத்தில்தான் இருந்தது. பின்னர் கப்டன் மூர்சம் வந்து வழிகளை அளந்து அறிக்கை கொடுத்தார். அவர் போட்ட கணக்கு ஒன்பது இலட்சம் பவுணைத் தொடவில்லை. மண் வெட்டிய பிறகு வந்த மதிப்பீடோ அதைப்போல் இரண்டு மடங்கையும் தாண்டியது. அரசாங்கம் 1861இல் கம்பனியோடு செய்த ஒப்பந்தத்தை முடித்து, வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து இன்றுவரை இது அரசாங்கச் சொத்து. தனியார் கம்பனிகள் பல சேர்ந்து தொடங்கிய இந்திய ரயில்வேக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இதுதான். தண்டவாள இடைவெளி மட்டும் இந்தியாவின் அகலப் பாதையைப் போலவே 5 அடி 6 அங்குலம்.

கண்டி ஏற்றம்

பாதையைக் கட்டும் ஒப்பந்தம் வில்லியம் ஃபேவியலுக்குக் கிடைத்தது. இந்தியாவின் முதல் பயணிகள் பாதையான பம்பாய்–தாணா வழியைக் கட்டிய ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் அவர். தலைமைப் பொறியாளர் கில்ஃபோர்ட் மோல்ஸ்வேர்த். பொறியியலாளர்கள் சட்டைப்பையில் வைத்திருந்த சூத்திரக் கையேட்டை எழுதியவர் என்றுதான் அவரை வெளியுலகம் அறியும்.

கொழும்பிலிருந்து சமவெளியில் போட்ட பாதை பெரிய சிக்கல் தரவில்லை. றம்புக்கணையில்தான் மலை தொடங்குகிறது. அங்கிருந்து கடுகண்ணாவை வரை இருபது கிலோமீற்றர் சொச்சத்துக்குள் நானூறு மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். சாய்வு 45க்கு 1. ஒரு எஞ்சினால் முடியாதென்று பின்னால் இன்னொரு எஞ்சினைக் கொடுத்துத் தள்ளினார்கள். அலகல்லை மலையின் பாறையைக் குடைந்தும் விளிம்பை வெட்டியும் பாதை போடப்பட்டது. பாறையை உடைத்தவர்களில் சிங்களவரும் இருந்தனர், தமிழகத்திலிருந்து வந்த கூலிகளும் இருந்தனர். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பலர் இறந்தனர். பொறியாளர்கள், ஆளுநர்களின் பெயர்கள் ஏடுகளில் இருக்கின்றன. இந்தத் தொழிலாளருக்கு ஒரு கல்வெட்டுக்கூட வைக்கப்படவில்லை என்பது இந்த வரலாற்றின் பெரிய குறை.

1867இல் வண்டி கண்டியைச் சேர்ந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து கோப்பி இலையில் செம்மஞ்சள் பூஞ்சணம் தென்பட்டது. அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் கோப்பித் தொழில் அடியோடு சாய்ந்தது. எதற்காகப் பாதை போட்டார்களோ அந்தப் பயிரே இல்லாமற் போனது. நட்டத்தில் விழுந்திருக்க வேண்டிய புகையிரதத்தைத் தேயிலைதான் காப்பாற்றியது. தேயிலை இன்னும் உயரத்தில் விளைந்ததால் தண்டவாளமும் மேலே ஏறியது: 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் அட்டன், 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை. வழியிலுள்ள பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பதுளையைச் சேர மேலும் முப்பது ஆண்டுகள், 1924 வரை, பிடித்தன. அந்தக் கடைசிப் பகுதியில்தான் தெமோதரை வளையம் வருகிறது. பாதை மலையைச் சுற்றி இறங்கி, தான் கடந்துவந்த நிலையத்துக்கே அடியால் சுரங்கத்தில் நுழைகிறது. அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் உருக்கு இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்க முண்டியடிக்கும் இடம் அது.

பெரிய பாதை போகாத தோட்டங்களுக்கு 2 அடி 6 அங்குலக் குறும்பாதைகள் போயின. களனிப் பள்ளத்தாக்கில் அவிசாவளை, எட்டியாந்தோட்டை, பின்னர் இரத்தினபுரி வழியாக 1919இல் ஓப்பநாயக்க வரை ஒன்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியே ராகலைக்கு மற்றொன்று. லொறிகளோடு போட்டியிட முடியாமல் ராகலைப் பாதை 1940களில் மூடப்பட்டது. நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் இப்போது நானுஓயாவில் இறங்கி வாகனம் பிடிக்க வேண்டியிருக்கிறது. கரையோரப் பாதை 1894இல் காலியையும் அடுத்த ஆண்டில் மாத்தறையையும் சேர்ந்தது.

வடக்கின் காத்திருப்பு

யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி வர, முதல் வண்டி ஓடியதிலிருந்து நாற்பது ஆண்டுகள் ஆயின. வடக்கில் துரைமார் தோட்டம் இல்லை. புகையிலையும் சுருட்டும் கடல் வழியே போய்க்கொண்டிருந்தன. இடையில் வன்னிக் காடு. போட்ட பணம் திரும்புமா என்று அதிகாரிகள் தயங்கினர், யாழ்ப்பாணத்தார் விடாமல் மனுப் போட்டனர். கடைசியில் இரண்டு முனைகளிலிருந்தும் வேலை நடந்தது. 1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது. 1905 ஆகஸ்ட் 1ஆம் திகதி கொழும்பிலிருந்து புறப்பட்ட முதல் வண்டி யாழ்ப்பாணம் வந்தது. அதன் பிறகு கொழும்புக் கந்தோர்களில் வேலை பார்த்த வடபகுதி உத்தியோகத்தர்கள் விடுமுறைக்கு ஊர் வருவதும், மாம்பழமும் முருங்கைக்காயும் தெற்கே போவதும் இந்த வண்டியில்தான்.

1914இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை ஒரு கிளை திறக்கப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டதால், சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னார் வரை கப்பல், கொழும்பு வரை மறுபடி ரயில் என்று போக முடிந்தது. போட் மெயில் என்று பெயர் பெற்ற பயணம் இதுதான். பெயர் பிரபுக்களுக்கு, வருமானம் தொழிலாளரால். இந்தப் பாதை வருவதற்கு முன் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள்; வழியில் இறந்தவர்கள் ஏராளம். 1914க்குப் பின் மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனை முடித்து, கங்காணியோடு ரயிலேறி மலைக்குப் போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது இந்த இணைப்பு அறுந்தது. அதன் பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களின் உள்நாட்டுப் போர்ச் சூழலில் நின்றுபோனது.

சுதந்திரத்துக்குப் பின்

1950களில் பொதுமுகாமையாளர் பி. டி. ரம்பல டீசல் எஞ்சின்களைப் பரவலாக்கினார். வண்டிகளுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. உடரட்ட மெனிக்கே, ருகுணு குமாரி ஆகியவையும் அக்காலத்தில் வந்தவையே. 1990இல் போரினால் வடக்குப் பாதை துண்டிக்கப்பட்டது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. இந்தியக் கடனுதவியோடு பாதை திரும்பப் போடப்பட்டு 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும், அதே ஆண்டு மார்ச்சில் தலைமன்னாருக்கும் வண்டி ஓடியது. கரையோரப் பாதைக்கு வேறொரு பேரழிவு நேர்ந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை காலிக்கு அருகே பெரலிய என்ற ஊரில் ஒரு வண்டியைக் கவிழ்த்தது. 1,700 பேருக்குக் குறையாமல் இறந்தனர். உலகப் புகையிரத வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு பதிவாகவில்லை.

இன்று வண்டி ஓடும் பாதை ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர். பெரும்பகுதி தோட்டக் காலத்தில் போட்ட தடமே. சுதந்திரத்துக்குப் பின் போட்ட முதல் முக்கியமான புதிய பாதை மாத்தறையிலிருந்து பெலியத்த வரையிலானது. 27 கிலோமீற்றருக்கும் குறைவான அது 2019 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது.