விசர், வெறி, கலப்: ஒரு நோயின் பெயர்கள்

மலையகத்தில், ஹட்டனோ நுவரெலியாவோ, லயத்தில் யாரையாவது நாய் கடித்துவிட்டால் எழும் முதல் கேள்வி, "நாய்க்கு விசர் புடிச்சிருக்கா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குள் ஒரு நீண்ட சொல் வரலாறு இருக்கிறது.

விசர் என்றால் இலங்கைத் தமிழில் பைத்தியம். தமிழ்நாட்டார் இதே நாயை வெறிநாய் என்பர். சிங்களத்தில் 'பிஸ்ஸு பல்லா' என்பதும் பைத்திய நாய்தான். 'ரேபிஸ்' லத்தீன் சொல். வெறிகொண்டு சீறுதலைக் குறிக்கும் 'ரபேரே' என்ற வினையிலிருந்து வந்தது. பிரித்தானியர் 1893இல் ரேபிஸ் கட்டளைச் சட்டத்தை இயற்றியபோது அது இலங்கைச் சட்டத்திலும் ஏறியது.

அறபியில் இப்பெயர் வேறு வழியில் பிறந்தது. நாய் 'கல்ப்', அதே வேரிலிருந்து நோய் 'கலப்'. ஆனால் அந்த வேர் நோயை மட்டும் சொல்வதில்லை. வேட்டைப் பிராணிகளைப் பழக்குவோரைக் குறித்து அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனத்தில் வரும் 'முகல்லிபீன்' என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே. இப்னு சீனாவும் தமது 'அல்கானூன்' மருத்துவ நூலில் விசர்நாய்க்கடி பற்றி எழுதியிருக்கிறார்.

சுகாதாரத் துறைத் தமிழில் வழங்கும் 'நீர்வெறுப்பு நோய்', 'ஹைட்ரோபோபியா' என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. தண்ணீர் விழுங்கப் போனாலே நோயாளியின் தொண்டை இழுத்துக்கொள்வதே காரணம்.

பெயர்களை நம்புவதில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வெறியும் நீர்வெறுப்பும் நோய் முற்றிய பின் தெரியும் அடையாளங்கள். மனிதருக்கு அந்தக் கட்டம் வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. வெறியே காட்டாமல், தாடை தொங்கிச் சோர்ந்து கிடக்கும் நாய்க்கும் இந்நோய் இருக்கலாம். 'கலப்' நாயின் பெயரால் அமைந்தாலும் பூனையும் இதைக் கடத்தும். "நாய் சும்மாதானே படுத்துக் கிடக்கு", "பூனைதானே கடிச்சிச்சு" என்று இருந்துவிடுவது பெயர் தரும் ஏமாற்றம்.

நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவும் சட்டம் நாம் அறிந்தது. அது பாத்திரத்தின் சுத்தம் பற்றியது. கடிகாயத்துக்குரிய சிகிச்சை வேறு. காயத்தை உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1973இல் இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். அண்மைக் காலத்தில் அது ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது என்றால், அதற்கு நாய்களுக்கும் கடிபட்டோருக்கும் காலத்தோடு போடப்பட்ட தடுப்பூசி முக்கிய காரணம். "விசரா, இல்லையா?" என்று பார்த்துக்கொண்டிருக்க இந்த நோய் அவகாசம் தராது.