உள்ளங்கை மையும் மூடிய உறையும்

1990 ஆம் ஆண்டில் ஒருநாள் என்னுடைய வலது உள்ளங்கையில் மை பூசினார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. கிழக்கிலே பாதையில் போனவர்கள் வீடு திரும்பாத காலம் அது. உம்மாவின் கடைசித் தம்பி, நாங்கள் சின்ன மாமா என்றழைப்பவர், வியாபாரத்துக்கென்று புறப்பட்டு மூன்று வாரமாகியும் வரவில்லை. பக்கத்து ஊரில் மை போட்டுப் பார்க்கும் ஒருவரிடம் மூத்தம்மா என்னைக் கூட்டிச் சென்றார். மை பார்ப்பதற்குச் சின்னப் பிள்ளையின் கண்தான் வேண்டுமாம்.

லாம்பு வெளிச்சத்தில் கறுப்பு மை மினுங்கியது. "வடிவாப் பாரு மகன், மாமா தெரியிறாரா?" என்று அவர் கேட்டார். எனக்குத் தெரிந்தது லாம்பின் சுடர் மட்டுமே. மூத்தம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "தெரியுது" என்றேன். "வெள்ளைச் சட்டையா?" ஓம் என்றேன். "பக்கத்துல தண்ணி இருக்கா?" ஓம். "உசிரோட இருக்கார்தானே மகன்?" என்று கேட்டது மூத்தம்மா. அதற்கும் ஓம் என்றேன்.

மாமா வரவேயில்லை. மூத்தம்மா 2003 இல் மௌத்தாகும்வரை அவருக்கென்று ஒரு சாரனைப் பெட்டியில் மடித்து வைத்திருந்தார்.

குறி கேட்பதைப் பற்றி மார்க்கம் சொல்வதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நான் எழுத முனைவது வேறொன்று. இருந்த இடத்திலிருந்தே தொலைவிலுள்ளதைக் காண முடியும் என்ற நம்பிக்கையை மனிதர் எவ்வாறு சோதித்துப் பார்த்தனர், அச்சோதனைகளில் எங்கே ஓட்டை விழுந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆங்கிலத்தில் 'ரிமோட் வியூவிங்' எனப்படும் இதனை வசதிக்காகத் தொலைகாணல் என்று குறிப்பிடுகிறேன்.

என் உள்ளங்கை மையை நான் மறுபடி சந்தித்தது எட்வர்ட் வில்லியம் லேனின் நூலில். அரபு - ஆங்கிலப் பேரகராதியைத் தந்த அதே லேன்தான். எகிப்தியரின் வாழ்க்கை முறைகள் பற்றி 1836 இல் அவர் வெளியிட்ட நூலில், கெய்ரோவில் அப்துல் காதிர் அல் மஃரிபி என்ற மாந்திரீகர் தன் முன் நடத்திய ஒரு காட்சியை விபரித்துள்ளார். ஒரு சிறுவனின் உள்ளங்கையில் கட்டம் வரைந்து, நடுவில் மை ஊற்றி, சாம்பிராணிப் புகையிட்டு, பார்க்கச் சொன்னார் அந்த ஷெய்கு. நெல்சன் பிரபுவை வரவழைக்கும்படி லேன் கேட்டார். ஐரோப்பிய உடையணிந்த ஒருவர் வருகிறார், அவருக்கு இடது கை இல்லை என்றான் சிறுவன். பின் உற்றுப் பார்த்துவிட்டு, இல்லை, கை நெஞ்சோடு வைக்கப்பட்டிருக்கிறது என்றான். நெல்சன் 1797 இல் ஒரு கையை இழந்தவர். வெற்றுச் சட்டைக் கையை நெஞ்சில் குத்தியிருப்பது அவரது வழக்கம். ஆனால் அவர் இழந்தது வலது கை. மையில் தெரிவது கண்ணாடியில் போல இடவலம் மாறியா தெரியும் என்று லேன் கேட்க, ஆம் என்றார் ஷெய்கு. லேன் வியந்து போனார்.

பிற்காலத்தில் அவருடைய குடும்பத்தாரே இதை மீட்டுப் பார்த்தபோது ஒரு சந்தேகம் எழுந்தது. காட்சி பலித்த வேளைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் உஸ்மான் எபெந்தி. ஸ்கொட்லாந்தில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, கெய்ரோவிலேயே தங்கியவர். நெல்சன் யாரென்பது சிறுவனுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அவர் இறந்த பின்னர் அந்த ஷெய்கின் மை முன்போல் பலிக்கவில்லை. உஸ்மான் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. விடை தெரிந்த ஒருவர் கேள்விக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றார், அவ்வளவுதான்.

இந்த 'நடுவில் நிற்பவரை'த் தெளிவாக இனங்காட்டியது ஒரு குதிரை. பேர்லினில் வில்ஹெல்ம் வொன் ஒஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் தன் குதிரை ஹான்ஸுக்குக் கூட்டல், கழித்தல் படிப்பித்திருந்தார். அது குளம்பைத் தட்டி விடை சொன்னது. 1904 இல் ஆராய்ந்த குழுவினர் மோசடி எதையும் காணவில்லை. பின்னர் ஒஸ்கார் புங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஓர் எளிய மாற்றம் செய்தார்: கேட்பவருக்கே விடை தெரியாதபடி கேள்வியை அமைத்தார். குதிரை தடுமாறியது. கேட்பவர் தம்மையறியாமல் தலையை இம்மியளவு தாழ்த்துவதும், சரியான எண் வந்ததும் நிமிர்வதுமே குதிரைக்குச் சைகையாக இருந்தன. 1907 இல் இம்முடிவு வெளியானது. வொன் ஒஸ்டன் பொய்யரல்லர், நல்ல ஆசிரியர். தன் முகமே விடை சொல்கிறதென்பது அவருக்குத் தெரியாது. வகுப்பில் பிள்ளைகள் கரும்பலகையைப் பாராமல் என் முகத்தைப் பார்த்து விடை சொல்லும்போதெல்லாம் எனக்கு அவருடைய நினைவுதான் வரும்.

இனித் தொலைகாணலுக்கு வருவோம். 1972 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மென்லோ பார்க் நகரிலுள்ள ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில், ஹரோல்ட் புதொப், ரஸல் டார்க் என்ற இரு பௌதிகவியலாளர்கள் இதனை ஆராயத் தொடங்கினர். பனிப்போர்க் காலம் அது. சோவியத் நாடு இத்துறையில் முந்திவிடுமோ என்ற அச்சத்தில் சி.ஐ.ஏ. பணம் கொடுத்தது. நியூயோர்க் ஓவியர் இங்கோ ஸ்வான், முன்பு பொலிஸ் துறையோடு தொடர்புடையவராயிருந்த பெட் பிரைஸ் ஆகியோர் முக்கியமான காண்பவர்கள்.

பிரைஸை வைத்து நடத்திய சோதனையின் ஒழுங்கு இது. அரைமணி நேரக் கார்ப் பயணத் தூரத்துக்குள் இருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களின் பெயர்கள் முன்கூட்டியே திரட்டப்பட்டுப் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று எடுக்கப்பட, ஒரு குழு அங்கே போய் நின்றது. பிரைஸ் ஆய்வுகூடத்தில் இருந்தார். அவருடன் இருந்த ஆய்வாளருக்கும் அந்த இடம் எதுவென்று தெரியாது. குறித்த நேரத்தில் பிரைஸ் தமக்குத் தோன்றியதைச் சொல்ல, அது ஒலிநாடாவில் பதிவாகியது. இவ்வாறு ஒன்பது முறை. இறுதியில் ஒரு நடுவர் ஒன்பது இடங்களுக்கும் சென்று, ஒன்பது விபரிப்புகளில் எது எவ்விடத்துக்குப் பொருந்துகிறதென வரிசைப்படுத்தினார். ஒன்பதில் ஏழு சரியாகப் பொருந்தின. 1974 ஒக்டோபரில் 'நேச்சர்' சஞ்சிகை இவ்வாய்வு பற்றிய கட்டுரையை வெளியிட்டது. மதிப்பீட்டாளர்களின் தயக்கத்தையும் ஆசிரியக் குறிப்பொன்றில் கூடவே சொல்லி வைத்தது.

படிப்பவருக்கு இங்கே குறை எதுவும் தோன்றாது. குதிரை கற்பித்த பாடத்தை இவர்கள் மறக்கவில்லை. காண்பவருக்கும் தெரியாது, கூட இருப்பவருக்கும் தெரியாது.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் டேவிட் மார்க்ஸ், ரிச்சர்ட் கம்மன் என்ற இரு உளவியலாளர்கள் இதே சோதனையை 35 முறை செய்து பார்த்தனர். பலிக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தனர். ஒவ்வொரு முறையும் காண்பவரை அவ்விடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியபோது, 'நான் சொன்னது இதையேதான்' என்று அவர் உறுதியாக நம்பினார். நடுவரும் அப்படியே தம் பொருத்தத்தில் மனநிறைவு கொண்டார். இருவரும் பிழையாக இருந்தனர்.

அப்படியாயின் கலிபோர்னியாவில் ஏழு பலித்தது எப்படி? மார்க்ஸ் அந்த விபரிப்புகளின் எழுத்துப் பிரதிகளைத் தேடிப் பெற்றுப் படித்தார். 1978 இல் அதே 'நேச்சர்' சஞ்சிகையில் தாம் கண்டதை எழுதினார். பேச்சினூடே, நேற்றுப் பார்த்த இடங்கள், இன்றைக்கு இது இரண்டாவது இடம் என்ற வகையான சொற்கள் இருந்தன. ஒவ்வொரு சோதனையும் முடிந்ததும் பிரைஸை அவ்விடத்துக்கு அழைத்துச் செல்வது வழக்கமாதலால் அடுத்த நாட் பேச்சில் முதல்நாள் இடம் தலைகாட்டியது. நடுவருக்குக் கொடுக்கப்பட்ட இடங்களின் பட்டியலோ சோதனை நடந்த அதே ஒழுங்கிலேயே இருந்தது. பிரதிகளை நாள் ஒழுங்கில் அடுக்கத் தெரிந்தவருக்கு வேறெதுவும் தேவையில்லை. மார்க்ஸ் எந்த இடத்தையும் நேரில் பாராமலே, இக்குறிப்புகளை மட்டும் கொண்டு பொருத்திக் காட்டினார்.

மறுதரப்பு வாயடைத்துப் போகவில்லை. குறிப்புகளை நீக்கிய பிரதிகளைப் புதிய நடுவர் ஒருவரிடம் கொடுத்தோம், மறுபடியும் ஏழு பொருந்தின என்று 1980 இல் பதில் எழுதினர். நீக்கியது போதாது, குறிப்புகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன என்று 1986 இல் மார்க்ஸும் இன்னொருவரும் எழுதினர். ஒரு சோதனையில் ஒழுக்கு இருந்ததென்று தெரிந்த பிறகு அதனைத் திருத்தித் தூய்மையாக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்த வாதப் பிரதிவாதமே சாட்சி.

பிரைஸின் இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். 1974 இல் சோவியத் நாட்டின் செமிபலத்தின்ஸ்க் பகுதியிலிருந்த ஓர் இரகசியத் தளத்தின் அகலக்கோடும் நெடுங்கோடும் அவரிடம் கொடுக்கப்பட்டன. அவர் ஒரு பிரமாண்டமான பாரந்தூக்கியை வரைந்தார். அங்கே அப்படியொன்று உண்மையிலேயே இருந்தது. இன்றும் இத்துறையை நம்புவோர் முதலில் எடுத்துக்காட்டுவது இதனைத்தான். ஆனால் அதே அமர்வில் அவர் சொன்ன வேறு பல விடயங்கள் அங்கே இருக்கவில்லை. பலித்த ஒன்று கதையாக ஊரெங்கும் நடக்கிறது. பலிக்காதவை கோப்பிலேயே கிடக்கின்றன.

1978 முதல் இராணுவமும் மேரிலாந்து மாநிலத்தின் போர்ட் மீட் முகாமில் ஒரு சிறு பிரிவை நடத்தியது. கிரில் பிளேம், சன் ஸ்ட்ரீக், ஸ்டார் கேட் என்று அதன் பெயர் மாறிக்கொண்டே வந்தது. ஆய்வுகூடத்தில் சோதனை ஒழுங்கும் இறுக்கப்பட்டது. இடத்துக்குப் பதிலாக ஒரு நிழற்படம் இலக்காகியது. காண்பவர் வரைந்து முடித்ததும், உண்மையான படத்தோடு தொடர்பில்லாத நான்கு படங்களும் கலக்கப்பட்டு ஐந்தும் நடுவருக்குத் தரப்படும். எது இலக்கென்று அவருக்குத் தெரியாது. சும்மா குருட்டுவாக்கில் எடுத்தாலும் ஐந்தில் ஒருமுறை சரியாக வரும். அதற்கு மேல் வருகிறதா என்பதே கேள்வி.

1995 இல் இதனை மதிப்பிட இருவர் அழைக்கப்பட்டனர். புள்ளிவிபரவியலாளரான ஜெசிக்கா அட்ஸ், பலித்தவை தற்செயலின் அளவை மிஞ்சுகின்றன, இதனை ஏற்கத்தான் வேண்டும் என்றார். உளவியலாளரான ரே ஹைமன், எண்கள் மிஞ்சுவதை மறுக்கவில்லை. ஆனால் ஒழுக்கு இல்லையென்று உறுதியாகும்வரை, சார்பற்ற வேறு கூடங்களில் மீண்டும் பெறப்படும்வரை, இதற்குத் தொலைகாணல் என்று பெயர் சூட்ட முடியாது என்றார். பிந்திய சோதனைகளில் நடுவராக இருந்தவர் திட்டத்தின் தலைவரே என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். அட்ஸ் சாதாரணமானவரல்லர். 2016 இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கத்தின் தலைவராக இருந்தவர். ஆகவே ஒரு பக்கத்தாரை மூடர் என்று தள்ளிவிட முடியாது. எனினும் அறிக்கையின் ஒரு முடிவு தெளிவானது: இருபதாண்டுகளுக்கு மேலாகச் சுமார் 2 கோடி டொலர் செலவான பின்பும், எந்தவோர் உளவு நடவடிக்கையையும் வழிநடத்தக்கூடிய தகவல் இதிலிருந்து கிடைக்கவில்லை. அவ்வாண்டிலேயே திட்டம் மூடப்பட்டது. 2017 இல் சி.ஐ.ஏ. இணையத்தில் திறந்துவிட்ட பழைய கோப்புகளில் இக்காண்பவர்களின் கிறுக்கல்களையும் எவரும் இப்போது பார்க்கலாம்.

அவற்றுள் சிலவற்றை நான் பார்த்தேன். ஒரு வளைவு, ஒரு சுவர், பக்கத்தில் தண்ணீர். எங்கள் கரையில் தண்ணீரில்லாத ஊர் எது? மாமா போன பாதையில் வாவியும் கடலும் இரு பக்கமும் வந்துகொண்டேயிருக்கும். 'தண்ணி' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாப்பாவும் பெரிய மாமாவும் எத்தனை ஊருக்கு அலைந்தார்கள்!

அந்த இரவை இப்போது ஒரு சோதனையாக எண்ணிப் பார்க்கிறேன். கேட்டவருக்கு என்ன விடை வேண்டும் என்பது தெரியும். மூத்தம்மாவுக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கும் அது தெரிந்துவிட்டது. விடை பலிக்கவில்லை என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவுமில்லை. கலிபோர்னியாவில் பூட்டும், மூடிய உறைகளும், இரு பௌதிகவியலாளரும் இருந்தும் தடுக்க முடியாதுபோன ஒழுக்கை எங்கள் லாம்படியில் யார்தான் தடுத்திருப்பார்கள்? இதை அறிந்த பின்னர் மை பார்த்தவர் மீதிருந்த என் கோபம் குறைந்தது. என் மீதிருந்ததும் கொஞ்சம் குறைந்தது.

இப்போது தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்தும்போது பெயர் எழுதிய மேற்பகுதியை மடித்து வைத்துவிடுகிறேன். பொதுப் பரீட்சையில் சுட்டெண் மட்டுமிருப்பது எதற்காக என்று பிள்ளைகள் கேட்டால் ஹான்ஸ் குதிரையின் கதையைச் சொல்கிறேன். மையின் கதையை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. உம்மா இன்னும் இருக்கிறா. அந்தச் சாரன் இப்போது அவவின் பெட்டியில். அன்றைக்கு மையில் எதுவுமே தெரியவில்லை என்பதை அவவிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.