ஹைட்ரஜன் சல்பைடு சிதைவு

அழுகிய முட்டை நாற்றம் வீசும் நச்சு வளியான ஹைட்ரஜன் சல்பைடை, ஹைட்ரஜனாகவும் கந்தகமாகவும் பிரிக்கும் வினை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் இயற்கை எரிவாயுக் கிணறுகளிலும் இவ்வளி ஏராளமாக வெளிப்படுகிறது. அதிலிருந்து ஆலைகள் மீட்பது பெரும்பாலும் கந்தகத்தை மட்டுமே.

சுவீடன் வேதியியலாளர் ஷீலே 1777இல் இவ்வளியை விவரித்தார். லண்டனில் பணியாற்றிய கார்ல் ஃபிரீட்ரிக் கிளாஸ் 1883இல் பெற்ற காப்புரிமைதான் தொழில்முறைக்கு அடிப்படை. வளியைக் காற்றோடு கலந்து வினையூக்கியின் மேல் செலுத்தினால் கந்தகமும் நீரும் கிடைக்கும். சோடா ஆலைக் கழிவிலிருந்து கந்தகத்தை மீட்க இது முதலில் பயன்பட்டது. 1930களில் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் இதைத் திருத்தியது: வளியில் மூன்றில் ஒரு பங்கை உலையில் எரித்து, அதில் உண்டாகும் கந்தக டைஆக்சைடை எஞ்சிய வளியோடு வினைபுரியச் செய்தது. இம்முறையில் ஹைட்ரஜன் நீராவியாகிப் போய்விடுகிறது. கச்சா எண்ணெயின் கந்தகத்தை நீக்கச் செலவிட்டுத் தயாரித்துச் சேர்த்த ஹைட்ரஜன்தான் அது என்பதால், இந்த இழப்பு சிறியதன்று.

நேரடியாகப் பிரிப்பது கணக்கில் எளிது. ஒரு மோல் நீரைப் பிரிக்க 286 கிலோஜூல் வேண்டும். திண்மக் கந்தகம் கிடைப்பதாகக் கொண்டால் ஒரு மோல் ஹைட்ரஜன் சல்பைடுக்கு ஏறத்தாழ 21 கிலோஜூல் போதும். தடை, வேதிச் சமநிலை. இவ்வளி உருவாவதையும் சிதைவதையும் ஜெர்மன் வேதியியலாளர் மாக்ஸ் போடன்ஸ்டைன் 1899இல் ஆராய்ந்தார். 1000° செல்சியசிலும் ஐந்தில் ஒரு பங்கு அளவே பிரிகிறது. மெல்ல ஆறவிட்டால் அதுவும் மீண்டும் சேர்ந்துவிடும். மாலிப்டினம் சல்பைடு போன்ற வினையூக்கிகள் வினையை விரைவாக்குமே தவிர, சமநிலையை நகர்த்தா. ஆகவே சவ்வுகளால் ஹைட்ரஜனை உடனுக்குடன் வெளியேற்றும் முயற்சிகள் நடந்தன. 1980களில் சோவியத் குர்ச்சாத்தோவ் நிறுவனத்தார் பிளாஸ்மாவால் பிரித்து, ஓரன்பர்க் எரிவாயு ஆலையில் சோதித்தனர்.

இவ்வேலையை ஒளியைக்கொண்டு செய்யும் நுண்ணுயிரிகள் உண்டு. கந்தக பாக்டீரியாக்கள் இவ்வளியின் ஹைட்ரஜனை உணவாக்கத்துக்கு எடுத்துக்கொண்டு கந்தகத்தை விட்டுவிடுவதை 1930களில் நுண்ணுயிரியலாளர் வான் நீல் விளக்கினார். தாவரங்கள் வெளிவிடும் ஆக்சிஜன் நீரிலிருந்தே வருகிறது என்ற முடிவுக்கு இதுவே அவரைக் கொண்டுசென்றது. ஆய்வகத்தில், 1982இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கிரேட்ஸல், போர்கரெல்லோ, கல்யாணசுந்தரம் முதலியோர் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய காட்மியம் சல்பைடு துகள்களில் கண்ணுறு ஒளியைப் பாய்ச்சி ஹைட்ரஜன் பெற்றனர். தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் மதுரைத் திட்டத்தைப் பின்னாளில் முன்னின்று நடத்தியவரும் இந்தக் கல்யாணசுந்தரமே.

இம்முறைகளில் எதுவும் இதுவரை கிளாஸ் முறையை ஆலைகளிலிருந்து அகற்றவில்லை.