ஞாயிறு லீவில்லாத ஐந்து வருசம்

புதுக் கலண்டர் கையில கிடைச்சதும் நாங்கள் முதலில் தேடுறது சிவப்பெழுத்தைத்தான். போயா வெள்ளியில் விழுந்தால் சந்தோசம். ஞாயிறில் விழுந்தால் 'ஒரு லீவு போச்சு'. ஆனால் அந்த ஞாயிறே வேலைநாளாக இருந்த ஒரு காலம் இந்த நாட்டில் இருந்தது.

டட்லி சேனநாயக்க அரசு 1965இல் கொண்டுவந்த விடுமுறைச் சட்டத்தின்படி, 1966 ஜனவரியிலிருந்து வார ஓய்வு நாள் ஞாயிறு இல்லை, போயா. அமாவாசை, பூரணை, இடையில் வரும் இரண்டு அட்டமிகள் என மாதத்துக்கு நாலு நாள். முதல் நாள் அரைநாள் லீவு. சந்திர மாதம் ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள் என்பதால் நாலாய்ப் பிரித்தால் ஏழு சரியாக வராது. சில கிழமைக்கு ஏழு நாள், சில கிழமைக்கு எட்டு நாள்! இந்த மாதம் செவ்வாயில் வந்த லீவு அடுத்த மாதம் புதனுக்கோ வியாழனுக்கோ நகர்ந்துவிடும்.

இதை உடுவிலில் வைத்து யோசிக்க வேண்டும். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிகள் 1824இல் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிய ஊர் இது. அந்த மிசனைச் சுற்றி வளர்ந்த குடும்பங்களுக்கு ஞாயிறு என்றால் ஆராதனை. சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் கல்லூரி தொடங்கிய மருதனார்மடமும் பக்கத்தில்தான். சைவ வீடுகளில் தகப்பனுக்கு அமாவாசை, தாய்க்குப் பறுவம் என்று விரதம் பிடிப்பார்கள். ஆக, புதுச் சட்டம் ஒரு வீட்டின் ஆராதனை நாளை வேலைநாளாக்கியது, அடுத்த வீட்டுக்கு விரத நாளில் லீவு தந்தது. அதுக்காக அது சைவர்களை நினைத்துப் போட்ட சட்டம் என்று சொல்லேலாது. மச்சம் சமைக்காத வெள்ளிக்கிழமையை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. நிலவு பொதுவானது, நாட்காட்டி பௌத்தத்துடையது.

இன்னொன்று. அந்த அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சியும் இருந்தது. மாவட்ட சபைகள் வரும் என்று டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தத்தை நம்பி உள்ளே போனவர்கள், 1968இல் அது இல்லையென்றானதும் வெளியே வந்தார்கள். எங்கட அரசியல் பேச்சில் 1956 வரும், 1972 வரும், இந்தக் கலண்டர் வருவதே இல்லை. எங்களுக்கு அது விசித்திரமாகப் படுகிறது. மொழிச் சட்டம் கந்தோருக்குள் வந்தது, இது எல்லாருடைய கிழமைக்குள்ளும் வந்தது.

1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. கிறிஸ்தவர்களுக்கு இரங்கியல்ல. உலகத்து வங்கிகளும் துறைமுகங்களும் ஒரு நாளில் மூடியிருக்க, இலங்கை வேறொரு நாளில் மூடியிருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? பூரணை மட்டும் சிவப்பெழுத்தாகத் தங்கிவிட்டது, வருசத்துக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ. அந்த நாளில் இறைச்சிக் கடையும் சாராயக் கடையும் யாழ்ப்பாணத்திலும் பூட்டு.

இப்ப எங்கட ஊர்களில் வேறொரு வழக்கு ஓடுது: வெள்ளி பின்னேரமும் ஞாயிறு காலமையும் ரியூசன் வைக்கலாமா, கூடாதா? கோயில்காரரும் சேர்ச்காரரும் இதில் மட்டும் ஒரே பக்கம். பிள்ளைகளை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.