கேட்டுச் சேர்த்த ஸ்டீல் கிட்டார்: டாலி பார்ட்டனின் 1977ஆம் ஆண்டு இசைத்தட்டும் கன்ட்ரி இசையின் எல்லையும்

டாலி பார்ட்டனின் தட்டுகளில் முதன்முதலாகப் பத்து லட்சம் பிரதிகள் விற்றது, 1977 அக்டோபரில் ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியிட்ட 'ஹியர் யூ கம் அகெய்ன்'. டென்னஸி மலைநாட்டில் பிறந்து, 1964இல் நாஷ்வில் நகருக்கு வந்து, கன்ட்ரி பாடகியாகப் பெயர் பெற்றவர் அவர். இந்தத் தட்டோடு அவர் தாய்வீட்டை விட்டுப் பாப் இசைக்குப் போய்விட்டார் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. தட்டு உருவான விதத்தைப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. எல்லையைத் தாண்டும்போது எந்த ஒலியைக் கையோடு எடுத்துப் போவது என்பதை அவரே முடிவு செய்தார் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எல்லை தாண்டுவது அப்போது புதிதல்ல. 1950களில் ராக் அண்ட் ரோல் இளைஞர்களை இழுத்துக்கொண்டபோது, ஆர்.சி.ஏ.வில் செட் அட்கின்ஸும் டெக்காவில் ஓவன் பிராட்லியும் கன்ட்ரி பதிவுகளின் ஒலியை மாற்றி அமைத்தார்கள். கன்ட்ரியின் அடையாளமான ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் பின்னுக்குப் போயின. நரம்பிசைக் குழுவும் மெல்லிய கூட்டுக்குரலும் முன்னே வந்தன. 'நாஷ்வில் சவுண்ட்' என்று இதற்குப் பெயர் வந்தது. வில்லி நெல்சன் எழுதி, பிராட்லியின் தயாரிப்பில் பேட்ஸி கிளைன் 1961இல் பாடிய 'கிரேஸி' கன்ட்ரி பட்டியலில் 2ஆம் இடத்தையும் பாப் பட்டியலில் 9ஆம் இடத்தையும் பிடித்தது.

1970களில் சச்சரவு வலுத்தது. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பாப் பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கு 1974இல் கன்ட்ரி இசைச் சங்கம் சிறந்த பாடகி விருதைக் கொடுத்தது. கொதித்துப்போன நாஷ்வில் கலைஞர்கள் ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வினெட் தம்பதியின் வீட்டில் கூடித் தனி அமைப்பே தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு விருது மேடையில், வெற்றியாளராகப் பாப் சாயல் கொண்ட ஜான் டென்வரின் பெயர் இருந்த அட்டைக்குப் பாடகர் சார்லி ரிச் தீ வைத்தார். அதைத் தூய்மைவாதிகளின் எதிர்ப்பாகவே பலர் பதிவு செய்கிறார்கள். ஆனால் ரிச் பாப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர். அவரை அந்த அணியில் நிறுத்துவது பொருந்தாது.

இந்தச் சூட்டுக்கு நடுவில்தான் டாலி நகரத் தொடங்கினார். இணைந்து பாடிவந்த மூத்த பாடகர் போர்ட்டர் வாகனரின் நிழலிலிருந்து 1974இல் பிரிந்தவர், 1977இன் தொடக்கத்தில் 'நியூ ஹார்வெஸ்ட்... ஃபர்ஸ்ட் கேதரிங்' தட்டைத் தாமே தயாரித்தார். கன்ட்ரி ரசிகர்கள் அதை முதலிடத்துக்கு உயர்த்தினார்கள்; பாப் பட்டியலிலோ அது 71ஆம் இடத்தோடு நின்றது. அடுத்த தட்டுக்கு லாஸ் ஏஞ்சலிஸில் கேரி கிளைன் தயாரிப்பாளரானார். தலைப்புப் பாடலை எழுதிய பேரி மேனும் சிந்தியா வைலும் நியூயார்க்கின் பாப் பாடல் உலகில் வளர்ந்தவர்கள். பியானோவில் தொடங்கும் அந்த மெட்டில் மலைநாட்டின் சாயல் துளியும் இல்லை.

அதை டாலியும் உணர்ந்திருந்தார். பாடலில் ஸ்டீல் கிட்டார் வேண்டும் என்று அவர் மன்றாடிக் கேட்டதாகக் கிளைன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இது கன்ட்ரி அல்ல என்று யாராவது சொன்னால், இதோ கேளுங்கள் என்று காட்ட ஒரு சான்று அவருக்குத் தேவைப்பட்டது. அல் பெர்கின்ஸ் வந்து வாசித்தார். நாஷ்வில்லின் தயாரிப்பாளர்களே பாப் சந்தைக்காகப் பின்னுக்குத் தள்ளிய கருவியை, பாப் தயாரிப்பாளரிடம் ஒரு பாடகி கேட்டு வாங்குகிறார். கன்ட்ரி இசை வரலாற்றில் இதற்கு இணையான தருணங்கள் மிகச் சில என்றே நான் கருதுகிறேன்.

தட்டின் 10 பாடல்களில் 4 மட்டுமே டாலி எழுதியவை. அவற்றில் ஒன்றான 'மீ அண்ட் லிட்டில் ஆண்டி' ஒரு சிறுமியும் அவளுடைய நாய்க்குட்டியும் இறந்துபோகும் கதை; மலைநாட்டுச் சோகக் கதைப்பாட்டு மரபின் நேர் வாரிசு. விற்பனையை மட்டும் எண்ணியவர் இதை இந்தத் தட்டில் வைத்திருக்க மாட்டார். அதற்காக வணிகத்துக்கு அவர் இடமே தரவில்லை என்றும் சொல்ல முடியாது. 'டூ டோர்ஸ் டவுன்' பாடலைப் பாப் நடையில் மீண்டும் பதிவு செய்தார். பிந்தைய பிரதிகளில் முதல் பதிவின் இடத்தைப் புதியது எடுத்துக்கொண்டது.

தலைப்புப் பாடல் கன்ட்ரி பட்டியலில் 5 வாரம் முதலிடத்தில் நின்றது; பாப் பட்டியலில் 3ஆம் இடம் வரை ஏறியது. தட்டுக்குக் கிடைத்த கிராமி விருது கன்ட்ரி பாடகிக்கான பிரிவில் வந்தது. 1978இல் கன்ட்ரி இசைச் சங்கம் ஆண்டின் சிறந்த கலைஞராக அவரையே தேர்ந்தெடுத்தது. மூன்றாண்டுகளுக்கு முன் தீக்கு இரையான அட்டையும் அதே விருதுக்கானதுதான்.

இருபது ஆண்டுகளுக்குப் பின், கனடாவின் பாடகி ஷனாயா ட்வைன் 1997இல் 'கம் ஆன் ஓவர்' தட்டை வெளியிட்டபோது, ஸ்டீல் கிட்டாரைச் சேர்ப்பதா விலக்குவதா என்ற அதே கேள்வி பதிவுக்கூடத்திலேயே தீர்க்கப்பட்டது. அமெரிக்காவுக்கு ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் ஒலிக்கும் கலவை. 1998இல் வெளிநாடுகளுக்கு அவற்றைக் குறைத்த கலவை. பாடல்கள் இரண்டிலும் ஒன்றே. உலகெங்கும் 4 கோடி அளவுக்கு விற்ற அந்தத் தட்டுக்குப் பின், 2002இல் அவருடைய 'அப்!' மூன்று வடிவங்களில் வந்தது: சிவப்பு பாப், பச்சை கன்ட்ரி, நீலம் இங்கிலாந்தின் துக்கல் சகோதரர்கள் இந்தியத் திரையிசைச் சாயலில் அமைத்தது.